படிப்பை மாற்றலாம் தம்பி, வரிசையை மாற்றாதீர்கள்

வாசகர் கேள்வி:

மேடம், பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு 2025 பிப்ரவரி கடைசியில் மெல்பர்னுக்கு மாஸ்டர் ஆஃப் ஐ.டி. படிக்க வந்தேன். இரண்டு வருடப் படிப்பு. விசா 2027 மார்ச் 15 வரை இருக்கிறது. முதல் செமஸ்டர் ரிசல்ட் இப்போதுதான் வந்தது. நான்கு பாடத்தில் இரண்டு ஃபெயில். புரோகிராமிங் எனக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. வீட்டில் சொன்னதற்காகத்தான் ஐ.டி. எடுத்தேன். எனக்குப் பிடித்தது கணக்குச் சொல்லிக்கொடுப்பது. இங்கே மாஸ்டர் ஆஃப் டீச்சிங் படித்தால் பள்ளி ஆசிரியர் ஆகலாம் என்று கேள்விப்பட்டேன். ஆனால் தெரிந்த ஏஜென்ட் ஒருவர், "அதெல்லாம் செலவு. குக்கரி (சமையல் படிப்பு) படித்து அப்படியே டிப்ளமோ முடித்துவிடு, ஃபீஸ் கால்வாசிதான். விசா 2027 வரைக்கும் இருக்கிறது, யாரும் பார்க்க மாட்டார்கள். மன அழுத்தம் என்று ஒரு டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன், அதைக் காட்டி யுனிவர்சிட்டியில் ரிலீஸ் (வேறு இடத்துக்கு மாற அனுமதி) வாங்கிவிடலாம்" என்கிறார். கல்விக் கடனில் வந்தவன் நான். அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்ட மூன்று வாரம்தான் இருக்கிறது. கட்டுவதா, மாறுவதா?
- மாணவர், மெல்பர்ன்

பதில்:

தம்பி, ஃபீஸைக் கட்டுங்கள். மூன்று வாரக் கெடு தலைக்கு மேல் தொங்கும்போது நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஒன்றும் ஏறாது. அதனால்தான் இதை முதலில் சொல்லிவிட்டேன். ஃபீஸைக் கட்டி இரண்டாம் செமஸ்டரில் உட்காருங்கள். விலகல் படிவம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டையோ இம்மி அக்கவுன்ட் (விசா விண்ணப்பிக்கும் இணையக் கணக்கு) பாஸ்வேர்டையோ கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

நீங்கள் ஆசிரியர் படிப்புக்கு மாறுவதில் விசா ரீதியாகப் பெரிய தடை எதுவும் இல்லை. குக்கரிக்கு மாறுவதில் உண்டு. உங்கள் ஏஜென்ட் இதைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். முதலில் இது ஏன் என்று உங்களுக்கே புரிய வேண்டும். ஏனென்றால் அடுத்த இரண்டு வருடத்தில் இதே மாதிரி யோசனையோடு இன்னும் நாலு பேர் வருவார்கள்.

விசா கிடைத்தபோது மின்னஞ்சலில் ஒரு கிராண்ட் லெட்டர் வந்திருக்கும். பெரும்பாலான மாணவர்கள் அதில் முதல் பக்கத்தில் இருக்கும் கடைசித் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதைத் திறந்து நிபந்தனைகள் என்ற பகுதிக்குப் போங்கள். நாலு இலக்க எண்களாக ஒரு பட்டியல் இருக்கும்: 8105, 8202, 8501, 8516, 8533 என்று. 8105 வேலை நேரம் பற்றியது. வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். 8501 மருத்துவக் காப்பீடு. 8533 முகவரி, வீடு மாறினால் 7 நாளுக்குள் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் கேள்விக்குப் பதில் 8202-லும் 8516-லும் இருக்கிறது.

8202 என்ன கேட்கிறது? பதிவுபெற்ற முழுநேரப் படிப்பு ஒன்றில் நீங்கள் எப்போதும் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் படிப்பு, எந்தப் படிப்புக்காக விசா கொடுத்தார்களோ அதே நிலையில் அல்லது அதற்கு மேல்நிலையில் இருக்க வேண்டும். தேர்ச்சியும் வருகையும் திருப்தியாக இருக்க வேண்டும். இதில் 'நிலை' என்ற சொல்லில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் எல்லாப் படிப்புகளையும் ஏ.க்யூ.எஃப். என்ற ஒரே ஏணியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சர்டிஃபிகேட் 3 என்றால் 3-ஆம் நிலை, சர்டிஃபிகேட் 4 என்றால் 4, டிப்ளமோ 5, அட்வான்ஸ்டு டிப்ளமோ 6, இளங்கலை 7, ஹானர்ஸும் கிராஜுவேட் டிப்ளமோவும் 8, முதுகலை 9, முனைவர் பட்டம் 10. உங்கள் விசா 9-ஆம் படிக்குக் கொடுத்தது. மாஸ்டர் ஆஃப் டீச்சிங்கும் 9. குக்கரி 3-இல் தொடங்கி, ஹாஸ்பிடாலிட்டி டிப்ளமோ வரை போனாலும் 5-ஐத் தாண்டாது.

கீழ்ப் படிக்கு இறங்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. இறங்க வேண்டுமானால் புதிதாக மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வந்த பிறகுதான் இறங்க வேண்டும் என்கிறது. பிஎச்.டி.யிலிருந்து முதுகலைக்கு வருபவருக்கு மட்டும்தான் இதில் விலக்கு. உங்கள் ஏஜென்ட் சொல்கிற வழியில் போனால், மாஸ்டர்ஸிலிருந்து விலகி டிப்ளமோ கல்லூரியில் உட்கார்ந்த அன்றே நீங்கள் நிபந்தனையை மீறியவர். விசாவில் 2027 என்று அச்சடித்திருப்பது உங்களைக் காப்பாற்றாது.

"யாரும் பார்க்க மாட்டார்கள்" என்கிறாரே, அதற்கு வருகிறேன். ஒவ்வொரு கல்லூரியும் உங்கள் சேர்க்கை விவரத்தை பிரிஸ்ம்ஸ் என்ற அரசுக் கணினி அமைப்பில் பதிவு செய்கிறது. உங்களிடம் இருக்கும் சி.ஓ.இ., அதாவது சேர்க்கை உறுதிச் சான்று, அதிலிருந்துதான் வருகிறது. நீங்கள் விலகினாலோ படிப்பு மாறினாலோ கல்லூரி 31 நாளுக்குள் அதில் பதிந்தாக வேண்டும். அது சட்டக் கடமை. அந்தத் தகவல் விசா கொடுக்கும் உள்துறைக்கும் போகிறது. ஆகவே யாராவது பார்ப்பார்களா என்ற கேள்விக்கே இடமில்லை. எப்போது எடுத்துப் பார்ப்பார்கள் என்பது மட்டும்தான் தெரியாது.

என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கதை இது. அவரும் முதுகலையிலிருந்து டிப்ளமோவுக்கு இறங்கியவர். ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வகுப்புக்குப் போனார், வேலைக்குப் போனார், சொன்னது சரிதான் என்று நிம்மதியாகவும் இருந்தார். எட்டாவது மாதம், உங்கள் விசாவை ரத்து செய்வது பற்றிப் பரிசீலிக்கிறோம், காரணம் இருந்தால் எழுதுங்கள் என்று ஒரு கடிதம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏஜென்ட்தான் செய்யச் சொன்னார், அதை எழுதலாமா?" எழுதலாம், எழுதினோம். ஆனால் கையெழுத்து அவருடையது, விசா அவருடையது. சேர்த்துவிட்டதற்கான கமிஷனை அந்த ஏஜென்ட் என்றைக்கோ வாங்கிவிட்டார். இப்படி ரத்தானால் அதோடு போகாது. அடுத்த 3 ஆண்டுகளுக்குப் பெரும்பாலான தற்காலிக விசாக்கள் கிடைக்காத நிலையும் வரலாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தப் பெண்ணின் முகம்தான் கண்முன் வந்தது. அதனால் கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதே ஏஜென்ட் அடுத்து, "சரி, மாஸ்டர்ஸை விட வேண்டாம், கூடவே இன்னொரு சி.ஓ.இ. போட்டுக்கொள்ளலாம்" என்று வரக்கூடும். முன்பு அப்படி ஒரு வழி இருந்தது. 2023-இன் முதல் பாதியில் மட்டும் இப்படி 17,000 இரட்டைச் சேர்க்கைகள் போடப்பட்டன என்று அரசே சொன்னது. அந்த ஆகஸ்டில், முதல் ஆறு மாதத்துக்குள் இப்படி ஒரே நேரத்தில் இன்னொரு சேர்க்கை போடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு வழுக்கலையும் காட்டிவிடுகிறேன், உங்கள் நண்பர்கள் யாருக்காவது உதவும். கிராஜுவேட் டிப்ளமோ என்ற பெயரைக் கேட்டால் முதுகலை மாதிரியே இருக்கும். ஒரு வருடப் படிப்பு, ஃபீஸும் குறைவு. ஆனால் அது 8-ஆம் படி. மாஸ்டர்ஸ் விசாவை வைத்துக்கொண்டு அதற்கு மாறினாலும் இறங்கினதாகத்தான் கணக்கு. ஆசிரியர் படிப்பைத் தேடும்போது, குறிப்பாகக் குழந்தைக் கல்வியில், இந்தக் கிராஜுவேட் டிப்ளமோ உங்கள் கண்ணில் நிறையப் படும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நிலை எண்ணைப் பாருங்கள்.

இப்போது அந்த டாக்டர் சர்டிஃபிகேட். இல்லாத நோய்க்கு வாங்கிய காகிதம் பொய் ஆவணம். அது பல்கலைக்கழகக் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு ஒரு விசா விண்ணப்பத்தில், ஏன் படிப்பை மாற்றினீர்கள் என்ற கேள்விக்கு நீங்கள் அதையே காட்ட வேண்டி வரும். பொய் ஆவணம் கொடுத்ததாகத் தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு 3 ஆண்டுத் தடையும் சேர்ந்து வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள். அதே சமயம், நிஜமாகவே மனம் சோர்ந்து, தூக்கம் வராமல், வகுப்புக்கு எழுந்து போக முடியாமல் இருக்கிறீர்கள் என்றால் அது வேறு விஷயம். பல்கலைக்கழகத்திலேயே இலவச மனநல ஆலோசகர் இருப்பார். உங்கள் காப்பீட்டில் பொது மருத்துவரையும் பார்க்கலாம். அங்கே கிடைக்கும் உண்மையான சான்று உங்களுக்கு மருந்தாகவும் இருக்கும், ஆதாரமாகவும் இருக்கும். வேஷத்துக்கு வாங்கின சான்று கோப்பில் இருந்தால், நாளைக்கு உண்மையான சான்று கொண்டுபோனாலும் நம்ப மாட்டார்கள்.

சரி, டீச்சிங்குக்கு வருவோம். அதே நிலைதானே, நாளைக்கே மாறிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் ஆறு மாத விதி வருகிறது. வெளிநாட்டு மாணவர் ஒருவர் தம் முதன்மைப் படிப்பில் ஆறு மாதம் முடிக்கும் முன் வேறு கல்வி நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் நிறுவனங்களுக்கான தேசிய விதித்தொகுப்பில் 7-ஆவது தரநிலை இது. தடை சேர்த்துக்கொள்கிற நிறுவனத்துக்குத்தான். ஆகவே இப்போது நீங்கள் விண்ணப்பித்தால் புதிய பல்கலைக்கழகமே, ரிலீஸ் எங்கே என்று கேட்கும். நீங்கள் பிப்ரவரி கடைசியில் நேராக மாஸ்டர்ஸில் சேர்ந்ததால் ஆகஸ்ட் கடைசியில் ஆறு மாதம் முடிகிறது. ஆங்கில வகுப்பு, டிப்ளமோ, அப்புறம் டிகிரி என்று பேக்கேஜாக வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அந்தத் தொடரில் உயர்ந்த படிப்பு எதுவோ, பெரும்பாலும் கடைசியில் வருவது, அது தொடங்கிய நாளிலிருந்துதான் ஆறு மாதம். நான் வந்து ஒரு வருடம் ஆச்சே என்று அவர்கள் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன், பலன் இருக்காது.

ஆறு மாதத்துக்கு முன்னாலும் ரிலீஸ் தர வேண்டிய காரணங்கள் உண்டு. உருக்கமான, தவிர்க்க முடியாத சூழ்நிலை. சொன்னபடி பாடம் நடத்தாதது. கல்லூரியோ ஏஜென்ட்டோ தவறான தகவல் சொல்லிச் சேர்த்தது. கல்லூரி கொடுத்த உதவியையெல்லாம் பயன்படுத்தியும் தேர்ச்சி பெற முடியாமல் புகாராகும் நிலைக்கு வந்தது, இப்படி. இந்தப் படிப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் பொதுவாக அதில் சேராது. ரிலீஸுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், உள்ளேயே மேல்முறையீடு செய்ய 20 வேலை நாள் தர வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காத பல்கலைக்கழக மாணவர்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதல் தேசிய மாணவர் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அதற்கும் கட்டணம் இல்லை. ரிலீஸ் லெட்டர் என்று இன்னமும் எல்லோரும் சொல்கிறோமே, அது இப்போது பிரிஸ்ம்ஸில் பதியும் ஒரு குறிப்புதான். அதை வாங்கித் தர ஐந்நூறு டாலர் ஆகும் என்று வெளியில் யாராவது கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இத்தனையும் சொன்னாலும், உங்களுக்கு ரிலீஸே தேவைப்படாது என்பது என் கணக்கு. பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் ஆறு மாதம் முடிந்துவிடும். ஆனால் மாஸ்டர் ஆஃப் டீச்சிங் பெரும்பாலான இடங்களில் பிப்ரவரியில்தான் தொடங்கும். ஆகஸ்டில் விலகிவிட்டு பிப்ரவரி வரை வீட்டில் இருந்தீர்களானால், கிட்டத்தட்ட ஆறு மாதம் எந்தப் படிப்பிலும் சேராதவராக இருப்பீர்கள். அதுவே 8202 மீறல். மாறாக, இந்தச் செமஸ்டரை நவம்பர் வரை படித்து முடித்துவிட்டு, கல்வியாண்டு இறுதி விடுமுறையில் மாறினால் அந்த இடைவெளி எல்லா மாணவருக்கும் உள்ள இடைவெளிதான்; யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஃபீஸைக் கட்டுங்கள் என்று முதல் வரியில் சொன்னதற்கு இதுதான் காரணம்.

விருப்பமில்லாத படிப்புக்கு இன்னும் ஒரு செமஸ்டர் பணம் கட்டுவது வயிற்றெரிச்சல்தான், அதுவும் கடன் பணம். அதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்திலேயே மாஸ்டர் ஆஃப் டீச்சிங் இருக்கிறதா, ஜூலையில் சேர்க்கை இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதே நிறுவனத்துக்குள் மாறுவதற்கு ஆறு மாத விதி பொருந்தாது, புதிய சி.ஓ.இ. ஒன்று போட்டால் போதும். இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால், இரண்டாம் செமஸ்டரில் எடுக்கும் பாடங்களை யோசித்து எடுங்கள். புள்ளியியல், டேட்டா சார்ந்த பாடங்கள் கணக்குப் பட்டதாரிக்குக் கை கொடுக்கும்.

இரண்டு ஃபெயில் ஆனதைப் பற்றி ரொம்பப் பயப்படாதீர்கள். பாதிப் பாடம் போனால் பல இடங்களில் உங்களைக் கவனிக்க வேண்டிய மாணவர் பட்டியலில் வைத்து, கூட்டத்துக்குக் கூப்பிட்டு, ஒரு திட்டம் போட்டுத் தருவார்கள். அது தண்டனை இல்லை. உள்துறைக்குப் போகும் புகாரும் இல்லை. அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து. உதவி கொடுத்தும் தேர்ச்சி இல்லையென்றால்தான் புகார் கட்டம் வரும். அதற்கு முன்னாலும் எழுத்தில் தெரிவித்து, மேல்முறையீட்டுக்கு 20 வேலை நாள் தர வேண்டும். இந்தச் செமஸ்டரில் எல்லாவற்றிலும் பாஸ் ஆகிவிடுங்கள். டீச்சிங் சேர்க்கையிலும், நாளைய விசாவிலும் உங்கள் மார்க் ஷீட்டைப் பார்க்கப் போகிறார்கள். முதல் செமஸ்டரில் தடுமாறி இரண்டாவதில் எழுந்து நின்றவர், யோசித்து மாறுகிறார் என்று தெரியும். இரண்டிலும் விழுந்துவிட்டு மாறினால் ஓடுகிறார் என்று தெரியும்.

ஆசிரியர் படிப்பைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் சில விஷயங்கள் விட்டுப்போயிருக்கலாம். உங்கள் பட்டத்தில் கணிதம் முதன்மைப் பாடம் என்பது பெரிய பலம். கணக்கு ஆசிரியர் இங்கே பள்ளிகளுக்குத் தட்டுப்பாடு. ஆனால் ஆங்கிலத்தில் சலுகை கிடையாது. வெளிநாட்டவர் ஆசிரியராகக் குடியேறத் தேவையான திறன் மதிப்பீட்டுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் கேட்டலும் பேசுதலும் தலா 8, வாசித்தலும் எழுதுதலும் தலா 7 கேட்கிறார்கள். ஐ.டி.க்கு 6.5 வாங்கி வந்தவர்கள் பலர் இந்தச் சுவரில் முட்டி நிற்கிறார்கள். சேர்க்கைக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எவ்வளவு கேட்கிறது என்று முதலில் பாருங்கள். படிப்பின் நடுவே லான்டைட் என்ற எழுத்தறிவு, எண்ணறிவுத் தேர்வு உண்டு. அதில் தேறாமல் பட்டம் வராது. பள்ளியில் குறைந்தது 60 நாள் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டும். அந்த நாட்களில் காலை எட்டு மணிக்குப் பள்ளியில் நிற்க வேண்டும், மாலையில் அடுத்த நாள் பாடம் தயாரிக்க வேண்டும். பயிற்சி நேரம் 48 மணி நேரக் கணக்கில் சேராது, ஆனால் பகுதிநேர வேலைக்கு உடம்பில் தெம்பும் இருக்காது. அந்த வாரங்களுக்கான வாடகையை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டும் மனம் அங்கேதான் இருக்கிறது என்றால், தயங்காமல் போங்கள். உங்கள் கடிதத்தில் மற்ற வரிகளிலெல்லாம் பயம்தான் தெரிகிறது. கணக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றிய ஒரு வரியில் மட்டும் பயம் இல்லை.

அடுத்து விசா தேதி. பத்து மாதத்துக்கு மேற்பட்ட படிப்பு நவம்பர், டிசம்பரில் முடிந்தால் அடுத்த மார்ச் 15 வரை விசா தருவார்கள். உங்கள் 2027 மார்ச் 15 அப்படி வந்ததுதான். 2026 பிப்ரவரியில் டீச்சிங் தொடங்கினால் 2027 கடைசியில்தான் முடியும். ஆகவே நடுவில் ஒரு புதிய மாணவர் விசா எடுத்தே ஆக வேண்டும். படிப்பை மாற்றுவதற்கு இது தேவையில்லை. நாள் போதாது என்பதற்காகத் தேவை. 2025 ஜூலை 1 முதல் விண்ணப்பக் கட்டணம் 2,000 ஆஸ்திரேலிய டாலர்; நிராகரித்தால் திரும்ப வராது. வாழ்க்கைச் செலவுக்கு ஒரு வருடத்துக்கு 29,710 டாலர், அதோடு படிப்புக் கட்டணம், இரண்டுக்கும் பணம் காட்ட வேண்டும். உள்நாட்டில் இருந்தபடி விண்ணப்பிக்கிறவர்கள் 2025 ஜனவரி 1 முதல் ஆஃபர் லெட்டரை மட்டும் வைத்து விண்ணப்பிக்க முடியாது, சி.ஓ.இ. கையில் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டையும் புதிய தேதி வரை நீட்டியிருக்க வேண்டும்; இதை மறந்துவிட்டு கடைசி நாளில் ஓடுகிறவர்கள் நிறைய.

அந்த விண்ணப்பத்தில், நீங்கள் உண்மையான மாணவர்தானா என்று பார்க்கும் கேள்விகள் இருக்கும். 2024 மார்ச் 23 முதல் வந்த முறை இது. ஒவ்வொரு பதிலும் 150 சொல்லுக்குள். முன்பே மாணவர் விசாவில் இருந்தவர்களிடம் படிப்பு வரலாற்றையும் கேட்பார்கள். அங்கே ஏஜென்ட்டின் ரெடிமேட் பத்தி வேண்டாம். வீட்டார் சொல்லி ஐ.டி. எடுத்தேன், முதல் செமஸ்டரில் இந்த இரண்டு பாடத்தில் தவறினேன், என் பட்டம் கணிதம், இந்தப் படிப்பு அதோடு இப்படிச் சேர்கிறது, முடித்ததும் இந்த வேலை என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஆதாரமாக மார்க் ஷீட், ஆலோசகரோடு நடந்த மின்னஞ்சல்கள், சேர்க்கைக் கடிதம் எல்லாவற்றையும் இன்றிலிருந்தே ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். 8516-ஆம் நிபந்தனையும் இதையேதான் கேட்கிறது: விசா வாங்கியபோது காட்டிய தகுதியும் நோக்கமும் தொடர்ந்து இருக்க வேண்டும்.

இந்த விண்ணப்பத்தைப் பழைய விசாவுக்கு நிறைய நாள் இருக்கும்போதே போடுங்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய விசா உயிரோடு இருக்கும்போது, நிபந்தனை மீறாமல் படித்துக்கொண்டே விண்ணப்பித்து, ஒருவேளை நிராகரிக்கப்பட்டாலும், பழைய விசா அப்படியே நிற்கும். குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்க இடம் உண்டு. பழைய விசா முடிந்து, முடிவு வரும்வரை தங்க விடும் பிரிட்ஜிங் விசாவில் நிற்கும்போது நிராகரித்தால், குடிவரவுச் சட்டம் 48-ஆம் பிரிவின்படி உள்நாட்டிலிருந்து மறுபடி மாணவர் விசா கேட்கவே முடியாது. தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அது காசையும் காலத்தையும் தின்னும். குக்கரி மேல் நிஜமாகவே ஆசை இருக்கிற ஒருவர் கேட்டாலும் இதே வழிதான் சொல்வேன்: மாஸ்டர்ஸில் உட்கார்ந்துகொண்டே கீழ்நிலைப் படிப்புக்கு விசா கேளுங்கள், கிடைத்தால் மாறுங்கள். முதுகலையை விட்டுச் சமையல் படிப்பு ஏன் என்று அதிகாரிக்கு விளக்குவது கடினம். ஆனால் நேர்மையான வழி அது ஒன்றுதான்.

படிப்பு முடிந்த பின் இங்கே தங்கி வேலை பார்க்கக் கிடைக்கும் 485 விசாவையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தது இரண்டு கல்வியாண்டு, 92 வாரம் பதிவுபெற்ற படிப்பை முடித்திருக்க வேண்டும். முடித்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு வருட மாஸ்டர் ஆஃப் டீச்சிங் தன்னாலேயே அதைப் பூர்த்தி செய்யும், விட்டுவந்த ஐ.டி. செமஸ்டர்கள் கணக்கில் வராது. உங்களிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றால், முதுகலை முடித்தவருக்கு இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தப்படி 3 வருடம் வரை கிடைக்கும். டிப்ளமோவுக்கு இறங்கியவருக்கு வேறு பிரிவு: படித்தது அரசின் தொழில் பட்டியலில் உள்ள ஒரு தொழிலோடு பொருந்த வேண்டும், அதிகபட்சம் 18 மாதம். ஃபீஸ் கால்வாசி என்று சொன்னவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

கடன் கொடுத்த வங்கிக்கு, மாறுவதற்கு முன்பே எழுதுங்கள். உங்களுக்குக் கடன் ஒரு குறிப்பிட்ட படிப்புக்கும் நிறுவனத்துக்கும்தான் அனுமதித்திருப்பார்கள். புதிய ஃபீஸ் அட்டவணை, புதிய முடிவுத் தேதி இரண்டையும் காட்டி திருத்திய அனுமதிக் கடிதம் வாங்காவிட்டால் அடுத்த தவணை நின்றுபோகும். விலகும்போது பணம் திரும்ப வருமா என்பது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. சென்சஸ் தேதி என்று ஒன்று போட்டிருப்பார்கள், அதற்குப் பிறகு விலகினால் அந்தச் செமஸ்டர் பணம் போனதுதான். வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். ரிசல்ட்டை மறைத்து வைத்துக்கொண்டு அவசர முடிவு எடுத்தவர்கள்தான் இந்த ஏஜென்ட்களிடம் அதிகம் சிக்குகிறார்கள்.

ஒரு விஷயம் கேட்டுப் பாருங்கள் அந்த ஏஜென்ட்டை: உங்கள் எம்.ஏ.ஆர்.என். எண் என்ன? ஆஸ்திரேலியாவில் விசா ஆலோசனை சொல்ல, வழக்கறிஞராக இருக்க வேண்டும் அல்லது பதிவுபெற்ற குடிவரவு ஏஜென்ட்டாக இருக்க வேண்டும். பதிவுபெற்றவருக்கு ஏழு இலக்க எண் உண்டு. அரசுப் பதிவேட்டில் இணையத்திலேயே சரிபார்க்கலாம். கல்வி ஏஜென்ட் கல்லூரியில் இடம் வாங்கித் தரலாம், விசாவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. எண் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: கிராண்ட் லெட்டர், சி.ஓ.இ., மார்க் ஷீட் மூன்றையும் பிரிண்ட் எடுத்து, பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் நேரம் வாங்கிப் போங்கள். போனில் கேட்காதீர்கள், நேரில் போங்கள். உள்ளேயே டீச்சிங்குக்கு மாற ஜூலையில் வழி இருக்கிறதா, இல்லையென்றால் பிப்ரவரி சேர்க்கைக்குக் கடைசித் தேதி எது, இந்த இரண்டையும் கேளுங்கள். அவர்கள் சொன்னதை அன்று மாலையே ஒரு மின்னஞ்சலாக எழுதி அவர்களுக்கே அனுப்பி, நான் புரிந்துகொண்டது சரிதானா என்று கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள் தம்பி. விண்ணப்பத்துக்கான 150 சொற்களை நீங்களே எழுதி அனுப்பினால், நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.